நாற்பது ஆண்டுகள் ஏன் கணக்கில் வரவில்லை?

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் பட்டாசும் அச்சும் சம்பாதித்துக் கொடுத்த காசில் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த வீடுகளுக்கு 'பி.ஆர்.' எனும் நிரந்தர வசிப்புரிமை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கனடாவின் புள்ளிக் கணக்கும் ஆஸ்திரேலியாவின் தொழில் பட்டியலும் கல்யாணப் பேச்சிலேயே அடிபடுகின்றன. அமெரிக்காவில் எந்த ஒரு நாட்டாருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிரீன் கார்டு கிடையாது என்ற வரம்பினால், நம் பிள்ளைகள் பத்து, இருபது ஆண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள். அங்கேயே வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளை பெற்று வளர்த்த பிறகும் அந்நியராகவே வைத்திருப்பது அநியாயம் என்று சொல்கிறோம். சரிதான். ஆனால் இதே சிவகாசி வட்டாரத்தில் அனுப்பன்குளத்திலும் ஆனைக்குட்டத்திலும், விருதுநகருக்குப் பக்கத்தில் குல்லூர்சந்தையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்களுக்கு வெளிநாடு என்பது நம் மாவட்டம்தான். அவர்களுக்கு நிற்பதற்கு ஒரு வரிசைகூட இல்லை.

நிரந்தர வசிப்புரிமைக்கு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஐந்து வழிகள்தான் உண்டு: பணம், தொழில்திறன், குடும்ப உறவு, அடைக்கலம், வசித்த காலம். இந்தியாவில் நிரந்தர வசிப்புரிமை என்ற ஏற்பாடே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. 2016 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது. 18 மாதங்களில் 10 கோடி ரூபாயோ, 36 மாதங்களில் 25 கோடி ரூபாயோ முதலீடு செய்து, ஆண்டுக்கு 20 இந்தியர்களுக்காவது வேலை கொடுக்கும் வெளிநாட்டவருக்கு 10 ஆண்டு வசிப்புரிமை. பிறகு இன்னும் 10 ஆண்டு நீட்டிப்பு. குடியிருக்க ஒரு வீடும் வாங்கிக்கொள்ளலாம், கணவனோ மனைவியோ வேலைக்கும் போகலாம். நான் இதைக் குறை சொல்லவில்லை. மூலதனம் தேடும் நாடு இப்படித்தான் செய்யும். இதிலிருந்து தெரிவது ஒன்று: குடியுரிமை கொடுக்காமலேயே ஒருவரை நிம்மதியாக வாழவிடும் ஏற்பாட்டை இந்திய அரசு உருவாக்க முடியும், உருவாக்கியும் இருக்கிறது. அந்த ஏற்பாட்டை, வசித்த காலத்தை மட்டுமே சொத்தாக வைத்திருப்பவர்களுக்கும் விரிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வசித்த காலத்தைத் தகுதியாக எடுத்துக்கொள்வது இளகிய மனம் படைத்த நாடுகளின் வழக்கம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கச் சட்டத்தில் 'ரெஜிஸ்ட்ரி' என்றொரு பிரிவு இருக்கிறது. 1972 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தொடர்ந்து வசிக்கும் ஒருவர், நுழைந்தபோது முறையான ஆவணம் இல்லாதவராக இருந்தாலும், நன்னடத்தையைக் காட்டி கிரீன் கார்டு கேட்கலாம். 1986-இல் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின்கீழ் சுமார் 27 லட்சம் பேர் அங்கே சட்டபூர்வ வசிப்பாளர்கள் ஆனார்கள். ரீகனை யாரும் இளகிய மனத்துக்காரர் என்று சொன்னதில்லை. ஜெர்மனியில் 2022 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வெளியேற்றம் தள்ளிவைக்கப்பட்ட நிலையில் ஐந்தாண்டுகள் கழித்தவர்களுக்கு 18 மாத அவகாசம் கொடுத்து, மொழியும் வேலையும் கற்று நிரந்தரத் தகுதிக்கு வரச் சொன்னது. ஆஸ்திரேலியாவோ படகில் வருகிறவர்களை நடுக்கடலிலேயே திருப்பி அனுப்பும் நாடு. அங்கும் 2023 பிப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் ஆண்டுக்கணக்கில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசா கேட்கும் வழி திறந்தது.

இந்த வழி திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அங்கே நடந்த ஒன்று நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. குயின்ஸ்லாந்தில் பிலோயலா என்ற சிற்றூர். இறைச்சி ஆலையை நம்பிப் பிழைப்பவர்கள் நிறைந்த இடம். அங்கே குடியிருந்த ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் எல்லைப் படையினர் விடியற்காலையில் அழைத்துப் போனார்கள். அந்தக் குடும்பத்தின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, பெற்றோரின் மேல்முறையீடுகளும் நீதிமன்றங்களில் தோற்றன. சட்டப்படி கதை அத்தோடு முடிந்ததாகவே தோன்றியது. ஊர்க்காரர்கள் விடவில்லை, அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று நான்காண்டுகள் ஓயாமல் கேட்டார்கள். ஆட்சி மாறி, 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா வந்தது. பெருநகரத்து மனித உரிமைக்காரர்கள் மட்டும் பேசியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் கணிப்பு. அக்கம்பக்கத்தில் வேலை செய்தவர்களின் சொல்லுக்குத்தான் எடை இருந்தது. முகாம்களுக்குப் பக்கத்திலேயே வாழும் விருதுநகர் மாவட்டத்தார் இதுவரை அப்படியொரு குரல் எழுப்பவில்லை.

நம் சட்டத்தில் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம். 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, மொத்தம் 12 ஆண்டுகள் இந்தியாவில் வசித்த வெளிநாட்டவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவர் எத்தனை ஆண்டு வசித்தாலும் அது கணக்கில் சேராது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து ராமேசுவரம் கரைக்குப் படகேறியவர்கள் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டா வந்திருக்க முடியும்? பிறப்பின் வழியிலும் கதவு படிப்படியாகச் சாத்தப்பட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் யாராயினும் குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் இந்தியராக இருந்தும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. அதாவது சாத்தூர்ப் பையன் முகாம் பெண்ணைக் கட்டினால், அவர்களுக்கு இன்று பிறக்கும் பிள்ளை தகப்பனின் நாட்டில் அந்நியர். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் வரை போய்க் கடவுச்சீட்டு வாங்கி, 2024 ஏப்ரலில் திருச்சியில் வாக்களித்தார். அவர் பிறந்து இரண்டாண்டு கழித்து அதே முகாமில் ஒரு தம்பி பிறந்திருந்தால், அந்தத் தம்பிக்கு அந்த வழி கிடையாது.

2019-இன் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு இதே 'சட்டவிரோத' முடிச்சை அவிழ்த்துவிட்டது, இலங்கையை விட்டுவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு பரிசீலிக்கச் சொன்னது. கடைசியாக 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டிக்க முடியாது என்றது அது. வரவேற்க வேண்டிய ஆணை. ஆனால் அது சிறைக்குப் போகும் பயத்தைத்தான் நீக்குகிறது. வாழும் உரிமை எதையும் கொடுக்கவில்லை. மற்ற மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்குக் கிடைக்கும் நீண்டகால விசாகூட இவர்களுக்கு இல்லை. அந்த விசா இருந்தால் தனியார் வேலை, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், குடியிருக்க ஒரு சிறு வீடு வாங்கும் உரிமை எல்லாம் சட்டப்படி உண்டு.

பட்டாசு வட்டாரத்தில் ஒரு தொழிலாளிக்கு இதன் பொருள் என்ன? இங்கே வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுவதில்லை. தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். மழை பிடித்தால் காயப்போட முடியாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தபிறகு வேலை நாட்கள் மேலும் சுருங்கின. அப்போதெல்லாம் உள்ளூர்க்காரர் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுகிறார். பீகாரிலிருந்து வருபவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் இங்கே வேலை பார்க்கிறார். முகாம்காரர் வெளியூர் போனாலும், மாதந்தோறும் தலை எண்ணும் தணிக்கை நாளில் முகாமில் நிற்க வேண்டும். தவறினால் உதவித்தொகை நிற்கும், பெயரே பதிவிலிருந்து போய்விடும் என்ற பயமும் உண்டு. படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு அரசு வேலை இல்லை, கடவுச்சீட்டு இல்லாததால் வெளிநாட்டு வேலையும் இல்லை. அதனால்தான் தமிழ்நாடு முழுக்க முகாம் ஆண்களின் தொழில் என்றாலே பெயின்ட் அடிப்பது என்றாகிவிட்டது. பேரம் பேச முடியாத தொழிலாளி ஒருவர் இருக்கும் சந்தையில் பக்கத்துத் தொழிலாளியின் கூலியும் ஏறாது. உள்ளூர்க்காரர் வேலை போய்விடும் என்ற ஆட்சேபத்துக்கு என் பதில் இதுதான்: அவர்கள் ஏற்கெனவே வேலையில்தான் இருக்கிறார்கள். வசிப்புரிமை வந்தால், குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் மட்டுமே போகும்.

போர் 2009-இல் முடிந்துவிட்டதே, ஊருக்குத் திரும்பலாமே என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. திரும்ப விரும்புகிறவர்கள் திரும்பட்டும். பல ஆயிரம் பேர் திரும்பியும் இருக்கிறார்கள். ஆனால் 2025 மே மாதத்தில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிய முதியவர் ஒருவர், அந்தக் காலத்தில் ஆவணமில்லாமல் நாட்டை விட்டுப் போனதற்காகப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். பிறகு விடுவிக்கப்பட்டார் என்றாலும், மூட்டை கட்ட நினைத்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். அவர்களுடைய பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்திட்டது. 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது அந்தக் கணக்கு முடியாமலே நின்றுபோனது. சொந்த நிலம் என்று ஒரு சாண்கூட அங்கே இல்லாதவர்களை எந்த ஊருக்குத் திரும்பச் சொல்வது? ஒப்பந்தப்படி முன்னதாக வந்து சேர்ந்தவர்களுக்கு அரசு காகிதம் கொடுத்தது. அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காக உருவாயின; 1969-இல் ரெப்கோ வங்கியும் அவர்களைப் போலத் தாயகம் திரும்பியவர்களுக்காக உருவானது. அதே வங்கியில் இன்று நம்மவர்கள் நகை அடகு வைக்கிறார்கள்; அது யாருக்காகத் தொடங்கியது என்பதுகூடப் பலருக்கு நினைவில்லை. அவ்வளவு தூரம் அந்த மக்கள் இங்கே கலந்துவிட்டார்கள்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலையைத் தமிழ்நாடு மறக்க முடியாது. ஆனால் அன்று முதல் இன்றுவரை காவல்துறையின் கியூ பிரிவுடைய பார்வையில், மாதாமாதத் தணிக்கையில், குடும்பவாரியான பதிவேட்டில் வாழ்பவர்கள் இவர்கள். இந்த அளவுக்கு அரசு அறிந்துவைத்திருக்கும் மக்கள் கூட்டம் மாநிலத்தில் வேறில்லை. குற்றப் பின்னணி உள்ளவரைத் தனித்து விலக்க வசிப்புரிமை விதியிலேயே இடம் வைக்கலாம். 2025 மேயில் உச்ச நீதிமன்றம், எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக் காக்க இந்தியா என்ன சத்திரமா என்று கேட்டதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு. அந்தக் கேள்வியை முகாமில் பிறந்து இங்கே பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளையிடம் கேட்பது பொருந்தாது.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் ஆட்சேபம் ஈழத் தமிழர் தரப்பிலிருந்தே வருவது. இங்கே எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமை கொடுத்துவிட்டால், அங்கே விட்டுவந்த நிலத்துக்கான உரிமையும் வடக்கு, கிழக்கில் தமிழர் எண்ணிக்கையும் குறையும் என்கிறார்கள். இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாடு இந்தியா. எனவே இந்தியர் ஆவதென்றால் இலங்கையரல்லாமல் போவதுதான். ஒரே வீட்டில் மன்னாருக்குத் திரும்ப நினைக்கும் தாயும், விருதுநகரை விட்டு வேறெங்கும் வாழ்ந்தறியாத மகனும் இருக்கும்போது குடியுரிமை என்ற ஒற்றை விடை இருவருக்கும் பொருந்தாது. வசிப்புரிமை பொருந்தும். அது யாருடைய பழைய குடியுரிமையையும் பறிப்பதில்லை. வாக்குரிமையும் தருவதில்லை, ஆகவே வாக்கு வங்கி என்ற குற்றச்சாட்டுக்கும் இடமில்லை. குடியுரிமைக் கோரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. மலையகத் தமிழருக்கு அது கடனாகவே கொடுக்க வேண்டியது. ஆனால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும் நாள்வரை மூன்றாவது தலைமுறையையும் தணிக்கை வரிசையில் நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்டுவதாகச் சொல்லி, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1,500 ரூபாய் ஆனது. நல்ல காரியங்கள்தான். ஆனால் கான்கிரீட் வீடு கட்டிக் கொடுக்கும் மாநிலமும், அதில் குடியிருப்பவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறார் என்று சொல்லும் மத்திய அரசும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன. செய்ய வேண்டியது பெரிதல்ல. 2025 ஆணையில் உள்ள அதே 2015 ஜனவரி 9 என்ற தேதியை வைத்து, நீண்டகால விசாவுக்கான பட்டியலில் இலங்கைத் தமிழரைச் சேர்ப்பது முதல் படி. குறிப்பிட்ட ஆண்டுகள் வசித்தவருக்கு 2016 திட்டத்தைப் போலப் பத்தாண்டு வசிப்புரிமை கொடுப்பது அடுத்த படி. இரண்டையும் உள்துறை அமைச்சகம் நிர்வாக ஆணையாகவே தொடங்கலாம். பயனாளிகளைத் தேடிப்போகவும் தேவையில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கும் சுமார் 58,000 பேரின் பெயரும் வந்த நாளும் வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கின்றன. அந்தப் பட்டியலை வைத்துக் கேட்க வேண்டியவர்கள் விருதுநகர், ராமநாதபுரம், திருச்சி போன்ற தொகுதிகளிலிருந்து டெல்லிக்குப் போகும் உறுப்பினர்கள். அவர்களைக் கேட்கவைக்க வேண்டியவர்கள் வாக்குரிமை உள்ள நாம்.