ஜொகூர் ஆற்றில் பிள்ளைகளை இறக்கலாமா?

பள்ளி விடுமுறை வந்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பினாங்கும் இல்லை, கேமரன் மலையும் இல்லை. பழைய லாரி டியூப் ஒன்று, பக்கத்தில் ஆறு. அவ்வளவுதான் அவர்களுடைய உல்லாசப் பயணம்! அண்மையில் கோத்தா திங்கி வட்டாரத் தோட்டமொன்றில் கூட்டம் முடித்துக் கிளம்பும்போது ஒரு தாயார் நம்மை நிறுத்தினார். "அண்ணே, எல்லாரும் ஆத்துல குளிக்கிறாங்க. தண்ணி பாத்தா நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்கள விடலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நாமும் லயத்துப் பிள்ளையாக ஆற்றில் விழுந்து எழுந்தவர்கள்தாம். ஆனால் அன்றைய பழக்கத்தை வைத்து இன்றைய தண்ணீருக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது.

ஜொகூர் ஆறு சாமான்ய ஆறல்ல. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் இந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஜொகூர் மக்களுக்கும் இதுவே குடிநீர். "அப்படின்னா சுத்தமாத்தானே இருக்கும்?" என்பீர்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். குழாயில் வரும் தண்ணீர் ஆலையில் சுத்தம் செய்யப்பட்டு வருகிறது. ஆற்றில் இறங்கும் பிள்ளைக்கு அந்த ஆலை கிடையாது.

சுற்றுச்சூழல் இலாகா ஆறுகளைத் தரம் பிரிக்கிறது. நீர்த்தரக் குறியீடு 81க்கு மேல் இருந்தால் 'சுத்தமானது' என்கிறார்கள். அந்தக் குறியீட்டில் ஆறு அளவைகள்: கரைந்த உயிர்வாயு, இருவகை உயிர்வாயுத் தேவை, அம்மோனியா, மிதக்கும் மண்துகள், அமிலத்தன்மை. மலக்கிருமி அதில் இல்லை! குளிப்பதற்கான தரம் தனியாக இருக்கிறது. அதற்கு 'இரண்டு-பி வகுப்பு' என்று பெயர். அதன்படி 100 மில்லி லிட்டர் நீரில் மலக்கிருமி 400க்கு மேல் போகக்கூடாது. ஆகவே, ஓர் ஆறு 'சுத்தமானது' என்று பத்திரிகையில் வந்தாலும், குளிக்கத் தகுந்தது என்று அர்த்தமில்லை.

அடுத்து, மேலே இருப்பது யார் என்று பார்க்க வேண்டும். செம்பனை ஆலையிலிருந்து வரும் பச்சைக் கழிவுநீர், தண்ணீரிலுள்ள உயிர்வாயுவைத் தின்றுவிடும். அதை அளக்கும் கணக்கில், சுத்திகரிக்காத கழிவு லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். 1977ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்த அளவைப் படிப்படியாகக் குறைத்து, 1984 முதல் 100க்குக் கொண்டுவந்தன. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் கழிவுக் குட்டை உடைந்தாலோ, இரவில் யாரும் பார்க்காதபோது திறந்துவிட்டாலோ சட்டப் புத்தகம் நீந்தி வந்து பிள்ளையைத் தூக்காது.

2019 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜொகூர் ஆற்றில் அம்மோனியா ஏறியது. நீர் சுத்திகரிப்பு ஆலைகளை நிறுத்தினார்கள். குழாயை அடைக்க ஆள் இருந்தது. துறையில் குளிக்கிறவனிடம் "ஏறு மேலே" என்று சொல்ல ஆள் இருந்ததா? அதற்கு ஒரு மாதம் முன்புதான் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆற்றில் இறங்காமலே, காற்றைச் சுவாசித்த ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகளை மூடினார்கள். பள்ளியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கதியே அதுவென்றால், ஆற்றில் மிதக்கும் பிள்ளையின் கதி என்ன?

எல்லாப் பழியையும் ஆலை மேல் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. மருந்தடித்துவிட்டு வருகிறவர்கள் பம்பையும் டின்னையும் ஓடையில்தானே அலசுகிறோம்? அந்த ஓடைதான் ஆற்றில் சேர்கிறது. பேராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அலசுவதற்குத் தனி இடம் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை. கொடுக்கச் சொல்லிக் கேட்பது நம் வேலை.

ஆலையே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடீரென்று பாய்ந்து வரும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயிர்' என்பது இதைத்தான். மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீர் அடுத்த அடியிலேயே ஆளை முழுங்கும். டியூபில் மிதக்கிறவன் நீச்சல்காரன் அல்லன். காற்றுப் போனால் கல்தான். கழிமுகத்துப் பக்கம் முதலையும் உண்டு.

எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலையும் மறக்கக்கூடாது. வெள்ளம் வடிந்த தண்ணீரில் அது அதிகம். காலில் சின்னக் காயம் இருந்தால் போதும். ஆற்றில் குளித்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். கிளினிக்குக்குப் போய், "ஆத்துல குளிச்சான்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அந்தத் தாயாருக்கு நம் பதில் இதுதான்: அம்மா, இப்போதைக்கு விடாதீர்கள். மழைக்குப் பிறகு, தண்ணீர் நிறம் மாறினால், நாற்றம் அடித்தால், மீன் செத்து மிதந்தால் கிட்டவே போக வேண்டாம். என்ன சொல்லியும் இறங்குகிறவர்களோடு நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். தண்ணீரை விழுங்கக்கூடாது.

ஆனால் பிள்ளைகளை அதட்டுவதோடு விஷயம் முடியவில்லை. சில வீடுகள் ஆற்றுக்குப் போவது விளையாட அல்ல. குழாயில் தண்ணீர் வராததால். 1990ஆம் ஆண்டு வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டப்படி, தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அது பிச்சை அல்ல, உரிமை. நீரை மாசுபடுத்துவோருக்கான அபராதமும் 2024 திருத்தத்தில் 1 கோடி ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. புகார் செய்ய ஆள் இல்லாவிட்டால் அதுவும் வெறும் எண்தான்.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எழுதட்டும். குழாய்த் தண்ணீர் தடைப்படக்கூடாது. குட்டை உடைந்தால் ஆலை அன்றே லயத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். துறையில் தமிழிலும் மலாயிலும், புதிதாக வந்திருக்கும் வங்காளதேசத் தோழர்களுக்குப் புரியும் மொழியிலும் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். தண்ணீர் நிறம் மாறினால் தேதி, நேரம், இடம் குறித்து, முடிந்தால் படம் எடுத்துச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியைச் சங்கத்துக்கும் கொடுங்கள்.

பிள்ளை போன பிறகு ஆற்றங்கரையில் கூடி அழுவதைவிட, இப்போது ஆபீஸ் வாசலில் கூடிக் கேட்பது மேல்.