உச்சம் எங்கே என்று கேட்கிறார்கள்

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல உச்சம் எங்கம்மா?" கல்லூரியில் நான் எழுதிய முதல் கதையைப் படித்துவிட்டு ஆசிரியர் கேட்டார். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மருந்து கொடுக்க இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருத்தியின் கதை அது. "ஒண்ணுமே நடக்கலையே" என்றார். அவள் தூங்காமல் இருந்ததுதான் நடந்தது என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

உச்சம் என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது? 1863இல் குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் ஐந்து அங்க நாடகங்களை ஆராய்ந்து ஒரு கோபுரம் வரைந்தார்: தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. நாடகத்துக்கு வரைந்த கோபுரத்தைச் சிறுகதையின் தலையில் தூக்கி வைத்தவர்கள் நாம். அரசனின் வீழ்ச்சி அதில் கச்சிதமாகப் பொருந்தும். நேற்று அரைத்த மாவையே இன்றும் அரைப்பவளின் வாழ்க்கை அதில் எங்கே ஏறும், எங்கே இறங்கும்?

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையை எடுத்துக்கொள்வோம். முதல் முறை உதிரம் கண்டு மிரண்டுபோன கறுப்பு நிறச் சிறுமி, ஊருக்குப் போன அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள். ஏதோ சொல்கிறாள். அவ்வளவுதான். கத்தி இல்லை, அடிதடி இல்லை. அந்தச் சொல்தான் உச்சம். தலைப்பு அதைக் கொலை என்றே சொல்கிறது. நிறத்தைக் காட்டிப் பெண்ணைத் தட்டிக்கழிக்கும் கல்யாணச் சந்தைதான் அந்தச் சொல்லை அம்மாவின் வாயில் வைத்தது. கதையின் பின்புலம் என்று நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான். காலமும் இடமும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டால் கொலையாளி தப்பிவிடுவார்.

அடுத்தது நோக்குநிலை. யார் கண் வழியாகக் கதை நகர்கிறது என்பதே அது. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' பெண்ணுக்காகக் கோபப்படும் கதை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. காயம்பட்ட புருஷனுக்குப் பால் கஞ்சி வேண்டும் என்று அம்மாளு இருட்டில் ஒருவனோடு போகிறாள். முடிவில் கற்பைப் பற்றி நம்மிடம் சீறுவது கதைசொல்லி. அம்மாளு என்ன நினைத்தாள்? அருவருத்தாளா, அலுத்தாளா, கணக்குப் போட்டாளா? நமக்குத் தெரியாது. அவளுக்காக வாதாட வக்கீல் இருக்கிறார். அவளுடைய வாக்குமூலம் இல்லை. அங்கதத்தைப் பாராட்டி நூறு முறை எழுதியிருக்கிறோம். இந்த மௌனத்தைப் பற்றியும் எழுத வேண்டும்.

பாத்திரப்படைப்பில் தட்டையானது, முழுமையானது என்று இரண்டு வகை சொல்வார்கள். இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் பிரித்துக் காட்டியது. ஒரே வரியில் சொல்லி முடிக்கக்கூடியது தட்டைப் பாத்திரம். நம் கதைகளில் காபி டம்ளரோடு வந்து போகும் அம்மாக்களை எண்ணிப் பாருங்கள். டம்ளரை வைத்துவிட்டு அவள் எங்கே போனாள் என்று கதை கேட்பதில்லை, வகுப்பும் கேட்பதில்லை. துணைப் பாத்திரம் என்று எழுதினால் இரண்டு மதிப்பெண்.

கலைச்சொற்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை இல்லாமல் நம் கோபத்தைத் தெளிவாகச் சொல்ல முடியாது. "இந்தக் கதை பிடிக்கல" என்றால் ரசனை தெரியாதவள் என்று ஒதுக்குவார்கள். "நோக்குநிலை அவளிடம் ஒரு வரிகூட இல்லை" என்றால் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே தேர்வுக்குப் படியுங்கள், வரையறையைப் பிசகாமல் எழுதுங்கள், மதிப்பெண்ணை வாங்குங்கள். பிறகு அதே சொல்லோடு கதைக்குள் திரும்பிப் போங்கள். யார் பார்க்கிறார்கள்? யாருக்கு நடப்பது சம்பவமாகிறது? யாருக்கு நடப்பது வெறும் பின்புலமாகிறது?

என் பழைய கதையை நான் திருத்தவில்லை. அதில் உச்சம் இரவு மூன்று மணிக்கு வருகிறது. அவள் மருந்து பாட்டிலைத் திறக்கிறாள்.