பழைய ரேசர் வரட்டும், பழைய பிளேட் பென்சில் பெட்டிக்குப் போக வேண்டாம்



சவரம் பற்றி ஒரு பதிவு. சின்ன விடயம்தானே என்று தள்ளிவிடாமல் வாசியுங்கள். நம் பிள்ளைகளின் கைவிரலும் இதில் இருக்கிறது.

தாத்தாமார் பாவித்த இரும்பு ரேசரைப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, நம் இளைஞர்கள் சிலர் மறுபடி பாவிக்கிறார்கள். நல்ல விடயம். நாம் இதை வரவேற்கிறோம், ஒரு நிபந்தனையோடு.

முதலில் ஏன் நல்லது என்று பார்ப்போம். 1867ல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அடர்ந்த தாடி ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் சவரம் என்றால் மடிக்கத்திதான். 1880ல் நியூயோர்க்கில் காம்ப் சகோதரர்கள், ஒரு பக்கம் மட்டும் கூருள்ள சிறிய அலகைக் காப்போடு ஒரு பிடியில் பொருத்திக் காப்புரிமை எடுத்தார்கள். அந்த அலகு மழுங்கினால் தீட்ட வேண்டும். தீட்டவே தேவையில்லாத மெல்லிய இருபக்க பிளேடை ஜில்லெட் 1903ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த வருடம் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். 1975ல் பிக் நிறுவனம் கைப்பிடியோடு சேர்த்தே எறியும் பிளாஸ்டிக் ரேசரை இறக்கியது.

முதலில் தீட்டினோம். பிறகு பிளேடை எறிந்தோம். இப்போது முழுவதையும் எறிகிறோம்.

அந்தப் பிளாஸ்டிக் எங்கே போகிறது? லயத்துக் கானுக்கு. நோர்வூட் பக்கத்துக் கான் தண்ணீர் கெஹெல்கமு ஓயாவில் விழுந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பிளாஸ்டிக்கும் தகடும் ஒன்றாக ஒட்டிய பொருளைப் பழைய இரும்புக்காரரும் வாங்கமாட்டார். செலவையும் பாருங்கள். தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானதே 2024ல்தான். தோட்டச் சம்பளத்தில் வாழும் வீட்டில், ஒரு பிடியை ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டு பிளேடை மட்டும் மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி.

ஒருபக்க பிளேட் நம் கடைகளில் லேசில் கிடைக்காது என்பீர்கள். உண்மைதான். ஆனால் டவுன் சலூனில் பிளேடை இரண்டாக உடைத்துப் பாதியைக் கத்தியில் செருகுகிறாரே, அதுவும் ஒருபக்கக் கூர்தான். வீட்டுக்கு இருபக்க ரேசர் போதும். பாவிக்கும் முறை ஒன்றே.

அந்த முறையை நம் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கவ்வாத்து வெட்டுகிறவரைக் கேளுங்கள். கத்தி கூராக இருந்து சாய்வும் சரியாக இருந்தால் பலம் தேவையில்லை. மழுங்கிய கத்தியால் அழுத்தி வெட்டினால் கிளை பிளந்து செடி அழுகும். முகமும் அப்படித்தான். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தொட்டுவிட்டு இழுத்தால் இரத்தம்தான் வரும். கொஞ்சம் சுடுதண்ணீர், சவர்க்கார நுரை, மயிர் வளரும் திசையில் அழுத்தாமல் ஒரு இழுப்பு. பெரட்டுக்குப் போக முன் ஐந்து நிமிடம் போதும்.

இனி நிபந்தனை.

கழற்றிய பிளேடை என்ன செய்கிறோம்? ஜன்னல் கட்டையில் வைக்கிறோம். அங்கிருந்து அது பிள்ளையின் பென்சில் பெட்டிக்குப் போகிறது. ஆசிரியர்களான நாங்கள் இதை வகுப்பில் பார்க்கிறோம். பாதி பிளேடால் பென்சில் சீவும் கை ஏழு வயதுக் கை. அப்பாவின் இரத்தம் பட்ட பிளேட் பக்கத்துப் பிள்ளையின் விரலையும் வெட்டுகிறது. ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கக்கூடியது. அப்பா, அண்ணன், தம்பி மூவரும் ஒரே பிளேடில் சவரம் செய்யும் வீடுகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

கானில் போட்டால் கான் துப்புரவாக்கும் தொழிலாளியின் கையில் ஏறும். வீட்டுக் குப்பையோடு தேயிலைக்குள் கொட்டினால், கொழுந்தெடுக்கும் நம் தாய்மாரின் காலில் ஏறும்.

தாடி வைத்த நமக்கு இதில் என்ன என்று நம் சகோதரர்கள் நினைக்க வேண்டாம். மீசை கத்தரிப்பதையும் தேவையற்ற முடி களைவதையும் நாற்பது நாளுக்கு மேல் விடக்கூடாது என்பது நாம் அறிந்த ஹதீஸ். ஆகவே பிளேட் நம் வீடுகளிலும் இருக்கிறது. சுத்தத்துக்காக எடுத்த பொருள் இன்னொருவரைக் காயப்படுத்தினால் அது என்ன சுத்தம்?

வழி மிக எளிது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் குளியலறை அலுமாரியிலேயே பழைய பிளேட் போட ஒரு துவாரம் வைத்தார்கள். நமக்கு ஒரு வெற்று டின்பால் டின் போதும். மூடியில் பிளேட் நுழையும் அளவுக்கு ஒரு கீறல். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நிறைய வருடக்கணக்காகும். நிறைந்ததும் கீறலை நசுக்கி மூடி, குப்பை எடுக்க வருகிறவரிடம் "உள்ளே பிளேட் இருக்கிறது" என்று சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளைக்கு ஒரு பென்சில் கட்டர் வாங்கிக் கொடுங்கள். சலூன் வைத்திருக்கும் தம்பிமார் உங்கள் கடையிலும் ஒரு டின் வையுங்கள். புது பிளேடை வாடிக்கையாளர் கண்முன்னே பிரியுங்கள். இளைஞர் மன்றங்கள், கோவில், பள்ளிவாசல் நிர்வாகத்தினர் ஒரு தடவை இதை அறிவித்தால் நம் ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

உங்கள் லயத்தில், உங்கள் வீதியில் பழைய பிளேடுகள் எங்கே போகின்றன? கீழே எழுதுங்கள். இன்றைக்கே ஒரு டின்னில் கீறல் போடுங்கள்.