புத்தகத்தை மூடிப் படிப்போம்

தரம் 12இன் முதலாம் தவணைப் பரீட்சையில் உயிரியலுக்கு நான் எடுத்த புள்ளி 34. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ சித்தி பெற்றவள் நான். விடைத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கதிரையில் இருந்த தோழி, "எவ்வளவுடி?" என்று கேட்டாள். "பரவாயில்ல" என்றேன். அவளும் தனது தாளைக் காட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் கலைப் பிரிவுக்கு மாறிவிட்டாள். மாறிப் போன அன்றுதான் சொன்னாள், அவளுக்கு 37 என்று. "இந்த வகுப்புல எனக்கு மட்டுந்தான் ஒண்டும் விளங்குதில்ல" என்றாள். என்னை விட மூன்று புள்ளி கூட எடுத்தவள் அப்படிச் சொன்னாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அவள் இப்போது கலைப் பிரிவில் நன்றாகப் படிக்கிறாள். புவியியல் அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிரிவு மாறியது பிழை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் "எனக்கு மட்டுந்தான்" என்ற பொய்யை நம்பி அவள் அந்த முடிவை எடுத்தாள். அந்தப் பொய்யில் என் மடித்த விடைத்தாளுக்கும் பங்கு உண்டு. அந்த உறுத்தலால்தான் இதை எழுதுகிறேன்.

உயர்தர உயிரியல் கடினமான பாடம்தான். அதில் ஒளிவு மறைவு வேண்டாம். பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். உயிரியல் அறிமுகத்தில் தொடங்கி, கலத்தின் இரசாயனம், கூர்ப்பு, தாவரம், விலங்கு, பிறப்புரிமையியல், மூலக்கூற்று உயிரியல், சூழல், நுண்ணுயிரியல் என்று போய்ப் பிரயோக உயிரியலில் முடிகிறது. விலங்குகள் பற்றிய அலகு ஒன்றே தனிப் புத்தகம் போல இருக்கும். பரீட்சை மொத்தம் ஐந்து மணித்தியாலம். முதல் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்துக்குள் 50 பல்தேர்வு வினாக்கள். அதிலும் 41 முதல் 50 வரையான வினாக்கள் நம்மை நன்றாக ஆட்டிப்படைக்கும். ஐந்து கூற்றுகளில் எவையெவை சரி என்று பார்த்து, அந்தச் சேர்க்கைக்குரிய இலக்கத்தைத் தெரிய வேண்டும். ஒரு கூற்றில் சறுக்கினால் மற்ற நான்கும் தெரிந்திருந்தும் பயனில்லாமல் போகலாம். இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம். அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கும் கட்டாயம். கட்டுரை வினாக்கள் ஆறில் நான்கு எழுத வேண்டும்.

ஆனால் பாடத்தின் பருமனை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. நாம் படிக்கும் முறையும் பிழை. இதுதான் என் கருத்து.

நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். உங்களில் பலர் உங்களையே பார்ப்பீர்கள். பாடசாலை முடிந்து, பஸ் ஏறிக் கல்முனையில் தனியார் வகுப்பு. வீடு வர மஃரிப் ஆகிவிடும். இஷாவுக்குப் பிறகு குறிப்புக் கொப்பியைத் திறந்து மஞ்சள், பச்சை, ரோசா என்று மூன்று நிறங்களில் கோடு போடுவேன். வாசிப்பேன். திரும்பவும் வாசிப்பேன். மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த முகங்கள் போல இருக்கும். "முடிந்தது" என்று பட்டியலில் சரி அடையாளம் போட்டுவிட்டு இரவு ஒரு மணிக்குப் படுப்பேன். உம்மா பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டு, "என்ட மகள் விடிய விடியப் படிக்கிறாள்" என்று மாமியிடம் பெருமையாகச் சொல்லுவா. வேளாண்மை வெட்டிய காசில் வாப்பா முதலில் ஒதுக்கியது என் வகுப்புக் காசைத்தான். இவ்வளவுக்கும் பலன் 34.

வழியைக் காட்டியது என் தம்பி. அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஹிப்ழ் மத்ரஸாவில் ஓதுகிறான். லீவில் வீட்டுக்கு வந்தால் சுபஹுக்குப் பிறகு முஸ்ஹபை என் கையில் தந்துவிட்டு முன்னால் உட்கார்ந்து பாராமல் ஓதுவான். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். தடக்குப்பட்ட இடத்தில் எடுத்துக் கொடுப்பேன். அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து தொடங்குவான். புதுப் பாடம் கொடுத்தாலும் பழைய பாடத்தை விடமாட்டான். முந்தைய வாரம் ஓதியது, முந்தைய மாதம் ஓதியது என்று முறை வைத்துத் திருப்பிக் கொடுப்பான்.

ஒருநாள் நான் கொப்பியும் கையுமாக நடந்து நடந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டான்: "தாத்தா, நீங்க ஏன் பாத்துக்கிட்டே பாடமாக்குறீங்க? யார்கிட்டப் பாடம் குடுக்குறீங்க?"

எனக்குப் பதில் இல்லை. நான் யாரிடமும் பாடம் கொடுத்ததில்லை. பரீட்சை மண்டபத்தில்தான் முதன்முறையாகப் புத்தகத்தை மூடினேன்.

அல்லாஹ்வின் வேதத்தையும் நமது பாடப்புத்தகத்தையும் நான் ஒப்பிடவில்லை. நினைவில் பதிக்கும் வழியைத்தான் சொல்கிறேன். நம் சமூகத்தில் சின்னப் பிள்ளைகளே கைக்கொள்ளும் ஒரு வழியை, பெரிய வகுப்புக்கு வந்ததும் நாம் மறந்துவிட்டோம்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் பாடப் பகுதி ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மறு பகுதியினர் வாசித்துவிட்டு, பாராமல் நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது பாராமல் எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். தமக்கு நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்ப வாசித்தவர்கள்தாம். என் மூன்று நிறக் கோடுகள் எனக்குத் தந்ததும் அதே நம்பிக்கையைத்தான்.

இப்போது நான் செய்வது இது. ஒரு பகுதியை ஒருமுறை கவனமாக வாசிப்பேன். கொப்பியை மூடுவேன். வெற்றுத் தாளில் படம் கீறிப் பெயரிட்டு, நடப்பதை என் சொல்லில் எழுதுவேன். பிறகு கொப்பியைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் எழுதுவேன். மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் அதே தலைப்பை மறுபடி வெற்றுத் தாளில் எழுதுவேன். முதல் நாள் தாள் முழுவதும் சிவப்பாக இருக்கும். அழுகை வரும். ஆனால் அந்தச் சிவப்புத்தான் நமக்குத் தேவை. பரீட்சையில் தெரியவரும் பிழையை நம் வீட்டு மேசையிலேயே அது காட்டிவிடுகிறது.

பாராமல் சொல்வதென்றால் கிளிப்பிள்ளைப் பாடமா என்று கேட்பீர்கள். இல்லை. விளங்காத ஒன்றைப் பாராமல் எழுத முயன்று பாருங்கள். இரண்டு வரிக்கு மேல் போகாது. சிறுநீரகத்தியைப் பற்றி எழுத முயன்று ஏழு தடவை தோற்றேன். நோன்பு காலத்தில் ஒருநாள் அஸருக்குப் பிறகு களைத்துப் போய் இருந்தபோதுதான் அது விளங்கியது. சஹருக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீரும் இல்லை. வியர்வையாலும் சுவாசத்தாலும் நீர் போய்க்கொண்டே இருக்கிறது. இரத்தத்தின் பிரசாரண அமுக்கம் கூடுகிறது. பரிவகக்கீழ் அதை உணர்கிறது. பிற்கபச்சுரப்பியில் இருந்து ஏ.டி.எச். ஓமோன் கூடுதலாக வெளிவருகிறது. சேர்க்கும் கானின் சுவர் நீரை அதிகம் உட்புகவிடுகிறது. நீர் உடலுக்கே திரும்புகிறது. அதனால்தான் நோன்பு நாளில் சிறுநீர் குறைவாகவும் கடும் மஞ்சளாகவும் போகிறது. சாப்பாடில்லாத அந்த நேரத்தில் குளுக்ககன் ஓமோன், ஈரலில் சேமித்த கிளைக்கோஜனைக் குளுக்கோசாக்கிக்கொண்டிருக்கிறது. நான் சும்மா படுத்திருக்க, எனக்குள் இவ்வளவு வேலை! சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. அன்று எட்டாம் தடவை எழுதினேன். தாளில் சிவப்பு இரண்டே இடத்தில்தான் இருந்தது.

தமிழ்மொழி மூலம் படிக்கும் நமக்கு இன்னொரு வசதி இருக்கிறது. நாம் அதைச் சுமையாக நினைக்கிறோம். கலைச்சொற்கள் வாயில் நுழையவில்லை என்கிறோம். இந்தியக் காணொளிகளைப் பார்த்தால் இன்னும் குழப்பம். நமக்குக் கலம் என்றால் அங்கே செல். நமக்கு ஒளித்தொகுப்பு என்றால் அங்கே ஒளிச்சேர்க்கை. ஆனால் நமது சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒடுக்கற்பிரிவில் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை பாதியாக ஒடுங்குகிறது. ஆவியுயிர்ப்பில் தாவரம் நீரை ஆவியாக விடுகிறது. இலைவாய் என்றால் இலையில் இருக்கும் வாய். விடையின் பாதி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சொல்லைப் பிறமொழிப் பெயர் போல நெட்டுருப் போடுவதால்தான் அது நாக்கில் ஒட்டவில்லை.

இனி என் உறுத்தலுக்கு வருகிறேன். வெட்கம்தான் நம் வகுப்பில் உயிரியலை விடக் கடினமான பாடம். எல்லோரும் விளங்கியதாகத் தலையாட்டுகிறோம். தனியார் வகுப்பு மண்டபத்தில் அத்தனை பேருக்கு நடுவில் எழும்பிக் கேள்வி கேட்க யாருக்குத் துணிவு வரும்? ஆனால் பாடசாலையில் டீச்சர் நம் கண் முன்னால்தான் இருக்கிறார். அவரிடமும் நாம் கேட்பதில்லை. ஏனென்றால் எதைக் கேட்பதென்றே நமக்குத் தெரியாது. "டீச்சர், ஒண்டும் விளங்கல்ல" என்பதற்கு அவர் எங்கிருந்து தொடங்குவார்?

சென்ற வருடம் இரண்டாம் தவணை முதல் நாங்கள் நான்கு பேர் வியாழக்கிழமைகளில் ஆய்வுகூட விறாந்தையில் கூடுகிறோம். இரண்டு ஒழுங்குகள்தான். விடைத்தாளை மடிக்கக் கூடாது. பாடம் சொல்பவர் புத்தகத்தைத் தொடக் கூடாது. ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துவோம். ஒருநாள் ஒளித்தொகுப்பைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். கல்வின் வட்டத்துக்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை என்றால், இருட்டில் அது ஏன் தொடர்ந்து நடப்பதில்லை? நால்வருக்கும் தெரியவில்லை. ஓடிப் போய் டீச்சரிடம் கேட்டோம். அந்த வட்டத்துக்கு வேண்டிய ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.எச்.சும் ஒளித்தாக்கத்தில்தான் உருவாகின்றன, அவை தீர்ந்தால் வட்டமும் நின்றுவிடும் என்று இரண்டே நிமிடத்தில் விளக்கினார். "இப்படிக் கேட்டால் எனக்கும் படிப்பிக்க ஆசை வரும்" என்றார். புத்தகம் திறந்திருந்தால் அந்தக் கேள்வி எங்களுக்கு வந்திருக்காது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கும் தோழிகள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் இரவு ஒரு மணி வரை விழிப்பதை விட்டுவிட்டேன். பத்தரைக்குப் படுத்துச் சுபஹுக்கு எழும்பி, தெளிந்த தலையோடு ஒரு மணித்தியாலம் வெற்றுத் தாளில் எழுதுகிறேன். மூன்று முறை வாசித்த நேரத்தில்தான் இதைச் செய்கிறேன். கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டத்தையும் ஒதுக்கச் சொல்லவில்லை. கட்டுரையில் ஒவ்வொரு சரியான கருத்துக்கும்தான் புள்ளி. சரியான சொல் விழாவிட்டால் புள்ளியும் விழாது. ஆனால் விடையைப் பார்த்துக்கொண்டு வினாத்தாள் செய்வது வினாத்தாள் செய்வதல்ல.

"டொக்டராகப் போறீங்களா மகள்?" என்று கேட்காத உறவினர் நமக்கு இல்லை. மருத்துவ பீடத்துக்கு எத்தனை பேர் போக முடியும் என்பதை இசட் புள்ளியும் மாவட்டமும் தீர்மானிக்கும். அதற்கு முயல்வோம், துஆச் செய்வோம். ஆனால் அந்த ஒரு கதவை மட்டும் பார்த்துக்கொண்டு படித்தால், ஒரு தவணையில் புள்ளி குறைந்ததும் பாடமே அர்த்தமற்றதாகிவிடும். தாதியியல், மருந்தகவியல், விவசாயம், கால்நடை மருத்துவம், யூனானி மருத்துவம் என்று இந்தப் பாடம் திறக்கும் கதவுகள் பல. எதுவும் திறக்காவிட்டாலும், உம்மம்மாவுக்கு இன்சுலின் ஊசி ஏன் என்பதை விளங்கிச் சொல்லக்கூடிய ஒரு பேத்தி வீட்டில் இருப்பாள்.

நான் இன்னும் பெரிய பரீட்சை எழுதவில்லை. சென்ற தவணையில் எனக்கு 58. வகுப்பில் முதலாவது இல்லை, ஐந்தாவதும் இல்லை. ஆகவே வென்றவளின் அறிவுரையாக இதை எடுக்க வேண்டாம்.

தரம் 12இல் புதிதாகக் காலடி வைத்திருக்கும் தங்கைமாரிடம் ஒன்று கேட்கிறேன். முதலாம் தவணை விடைத்தாள் கையில் கிடைக்கும் நாளில் அதை மடிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவளிடம் காட்டுங்கள். அவள் பையிலும் ஒரு 37 இருக்கக்கூடும். பிரிவு மாறுவதா, தொடர்வதா என்பதை அதற்குப் பிறகு முடிவெடுங்கள். தொடர்வதென்றால், வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் ஆய்வுகூட விறாந்தைக்கு வாருங்கள். புத்தகத்தை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். நீங்கள் பாடம் சொல்லுங்கள்.