“சீல் நல்லாத்தானே இருக்கு!” - அப்பாவின் ஆர்.எக்ஸ் 100-ஐ நடுரோட்டில் நிறுத்திய ரப்பர் வளையம் | வண்டியும் நானும்

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி கூட்டேரிப்பட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை. பின்னால் அப்பா. மயிலம் முருகனைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு விழுப்புரம் திரும்பிவிடலாம் என்று திட்டம். வேகம் 60-ஐ ஒட்டி. ஆர்.எக்ஸ் 100-க்கே உரிய அந்தச் சத்தம் திடீரென்று மெலிந்து, தகரத்தைச் சீவுவதுபோல மாறியது. என்ன இது என்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல நின்றுவிட்டது.

நின்றது சக்கரம்தான். வண்டி வழுக்கிக்கொண்டே போனது. “கிளட்ச்சப் பிடி!” என்று அப்பா கத்தினார். பிடித்தேன். சக்கரம் விடுபட்டது. தள்ளாடித் தள்ளாடி மண்ணில் இறங்கி நின்றோம். பின்னால் வந்த பஸ், ஹாரனை விடாமல் அழுத்தியபடி எங்களைக் கடந்துபோனது.

அப்பா இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கை நடுங்கியது. “என்னம்மா ஆச்சு?” என்றார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தெரிந்தபோது, சொல்ல வெட்கமாக இருந்தது.

என்னைவிட மூத்த வண்டி

யமஹாவோடு சேர்ந்து எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டி ஆர்.எக்ஸ் 100. 98 சி.சி, 11 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக். 1996-ல் தயாரிப்பு நின்றுபோனது. அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தபோது 1995-ல் லோன் போட்டு வாங்கியது. அம்மாவைப் பெண் பார்க்கப் போனதும் இதில்தான். பிறகு ஸ்கூட்டர் வந்தது. ஆர்.எக்ஸ் கொல்லைப்பக்க ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்பது வருடம் தூங்கியது.

கடந்த மே 31 அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். மாலையோடு ஆபீஸை விட்டு வெளியே வரும்போது, வாசலில் அவருடைய வண்டி நிற்க வேண்டும் என்பது என் ஆசை. ரகசியமாக மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய்விட்டேன். இன்ஜினை முழுசாகப் பிரித்தார். சிலிண்டர் லேத்துக்குப் போய் போர் போட்டு வந்தது. புது பிஸ்டன், புது ரிங், கனெக்டிங் ராடு, பேரிங், கிளட்ச் பிளேட்டு, பெயின்ட். என் இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது.

29-ம் தேதி சாயங்காலம் அவர் போன் செய்தார். “ஆயில் சீல் செட் வரலம்மா. ரெண்டு நாள் ஆகும்ங்கறாங்க. என்ன பண்ணலாம்?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். பழைய சீல்களைத் துடைத்து ஒரு தட்டில் வைத்திருந்தார். கிழிசல் இல்லை, விரிசல் இல்லை. கறுப்பாக, பளபளவென்று இருந்தன. “நல்லாத்தானே இருக்குண்ணே! இதையே போட்டுடுங்க.”

“இதெல்லாம் கண்ணால பாத்து முடிவு பண்ற பொருள் இல்ல பாப்பா” என்றார். நான் கேட்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி வேண்டும், அவ்வளவுதான். அவரும், “உன் இஷ்டம்” என்று மாட்டிக் கொடுத்துவிட்டார்.

ரிட்டயர்மென்ட் நாள் ஜம்மென்று நடந்தது. ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. அப்பா அழுதார். அந்த வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வண்டி எனக்கு அறிகுறி காட்டிக்கொண்டேதான் இருந்தது. இன்ஜின் சூடானதும் சிக்னலில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் சத்தம் இறங்காமல் ‘ங்ங்ங்’ என்று எகிறி நிற்கும். ‘என்னா ஒரு பிக்கப்!’ என்று பெருமைப்பட்டுக்கொண்டு, கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்தேன். மூன்றாவது வாரம் அந்தப் பஸ் ஹாரன்.

அம்மா சொன்ன ஒன்லைன்

செவ்வாய்க்கிழமை இன்ஜின் மறுபடி பிரிந்து கிடந்தது. புது பிஸ்டனின் பக்கவாட்டில் பூனை பிறாண்டியதுபோலக் கீறல்கள். சிலிண்டர் சுவரில் அலுமினியம் உருகி ஒட்டியிருந்தது. மெக்கானிக் அண்ணன் என்னைத் திட்டவில்லை. இடதுபக்க மேக்னெட்டுக்குப் பின்னால் இருந்த சீலை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “நகத்தால அமுக்கிப் பாரு.”

அமுக்கினேன். புது சீலின் உதடு நகம் பட்டால் குழைந்து, மறுபடி எழும்பும். இது கொட்டாங்கச்சி மாதிரி இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் இதை விளக்கப் படாதபாடு பட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: “குக்கர் கேஸ்கட் போச்சுன்னா விசில் வராதுல்ல, அதானே?”

அதேதான்! கேஸ்கட் பார்க்க முழுசாகத்தான் இருக்கும். ஆனால், இறுகிப்போய் ஓரமாக ஆவி கசியும். அம்மா அதை ஃப்ரீசரில் வைத்து எடுத்து நான்கு நாள் ஓட்டுவார். இன்ஜினுக்கு அந்த வைத்தியம் கிடையாது.

டூ ஸ்ட்ரோக்கில் விஷயம் குக்கரைவிட ஒரு படி மேலே. இந்த இன்ஜினில் கிராங்க் கேஸ் என்பது கிராங்க் சுற்றுகிற வெறும் பெட்டி இல்லை, அதுவே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, சிலிண்டருக்குள் மேலேறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உறிஞ்சல், ஓர் ஊதல். கிராங்க்கின் இரண்டு முனைகளும் இந்தப் பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் காற்றை அடைத்துப் பிடிப்பது இரண்டே இரண்டு ரப்பர் சீல்கள்தான்.

இடதுபக்க சீல் கசிந்தால் அந்த வழியாக வெறும் காற்று நுழையும். கலவையில் காற்று கூடி, பெட்ரோல் குறையும். சத்தம் எகிறி நின்றதற்குக் காரணம் அதுதான். பெட்ரோல் குறைந்த கலவையில் சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன் இரும்பு லைனரைவிட வேகமாக விரிந்து, நகர இடமில்லாமல் கவ்விக்கொள்ளும். ஒர்க்‌ஷாப் பாஷையில் ‘வண்டி சீஸ்’.

வலதுபக்கம் கதை வேறு. அங்கே சீலுக்கு வெளியே கிளட்ச்சும் கியர் ஆயிலும். அது கசிந்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை. வாராவாரம் குறையும் கியர் ஆயில். இதை ‘ரிங் போச்சு’ என்று தவறாக நினைத்து சிலிண்டரைக் கழற்றிச் செலவு செய்தவர்கள் நிறைய பேர் என்றார் அண்ணன்.

புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் போனால் பெரும்பாலும் ஆயில் வெளியே சொட்டும், தரை அழுக்காகும். டூ ஸ்ட்ரோக்கில் போனால் பிஸ்டனே போகும்.

ஓடாத வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம்

‘ஒன்பது வருடம் ஓடவே இல்லையே, எப்படித் தேயும்?’ என்றுதான் நானும் கேட்டேன். ரப்பர் தேய்ந்து மட்டும் சாவதில்லை. காற்றுபட்டே இறுகும், சூட்டில் உலரும். ஓடுகிற வண்டியில் சீலின் உதட்டில் எப்போதும் ஆயில் படலம் இருக்கும். நிற்கிற வண்டியில் அது வடிந்துவிடும். உதடு ஒரே இடத்தில் ஷாஃப்டோடு ஒட்டிக்கொள்ளும். பல வருடம் கழித்து உதைக்கும்போது அந்த ஒட்டலைப் பிய்த்துக்கொண்டுதான் ஷாஃப்ட் சுற்றும். ஓ-ரிங் கதையும் இதுதான். வட்டமாக இருந்த அதன் குறுக்குவெட்டு, வருடக்கணக்கில் அமுங்கிக் கிடந்து சப்பையாகிவிடும். எடுத்துத் துடைத்து மறுபடி போட்டால் அது அமுங்காது, அடைக்காது.

அதனால், இன்ஜினைப் பிரித்தால் ரப்பர் எல்லாம் புதுசு. நல்லா இருக்கா, இல்லையா என்ற பேச்சே வேண்டாம். கிராங்க் சீல் இரண்டோடு, முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது, கியர் லீவர் ஷாஃப்ட்டில் ஒன்று, கிக்கர் ஷாஃப்ட்டில் ஒன்று. இவை கசிந்தால் ஆயில் சொட்டும், உயிர் போகாது. சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். வெளியே நன்றாகத் தெரியும்; இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தால் மடிப்பில் வெடிப்பு தெரியும். அதுவும் காற்றைத் திருடி, இடதுபக்க சீல் செய்யும் அதே வேலையைச் செய்யும்.

பெட்ரோல் டியூப், டேங்க் டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங் ஆகியவற்றுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். இந்த வண்டி தயாரான காலத்தின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. சில ரப்பர் உப்பும், சில இறுகும். கடையில் கேட்கும்போதே எத்தனாலைத் தாங்கும் டியூபா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது முறை சீல் வாங்க நானே சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். ஒரு கடையில், “ஒரிஜினல் பழைய ஸ்டாக் மேடம், கம்பெனி கவர்கூடப் பிரிக்கல” என்று எடுத்துக் காட்டினார்கள். மெட்டல் பார்ட்ஸ் என்றால் அது புதையல். ரப்பர் என்றால், கவருக்குள்ளேயே கிழமாகிப்போன ரப்பர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சமீபத்தில் தயாரானதை வாங்கினேன். சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். பழையதைக் கையோடு எடுத்துப்போனால் ஒப்பிட்டு வாங்கலாம்.

மாட்டுவதில்தான் எத்தனை நுணுக்கம்! இந்தமுறை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அண்ணன் முதலில் ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டினார். பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் கசியும். எங்களுக்குப் பள்ளம் இல்லை. சீலின் உதட்டில் ஆயில் தடவினார். உலர்ந்து மாட்டினால் முதல் நிமிடத்திலேயே கருகிவிடுமாம். உதட்டுக்குப் பின்னால் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வளையமாக இருக்கிறது. கிராங்க் சீலில் அந்தப் பக்கம் கிராங்க் கேஸை நோக்கி இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் பல்லில் உதடு கிழியாமல் இருக்க டேப் சுற்றிக்கொண்டார். சீலின் அளவுக்கே உள்ள சாக்கெட்டை மேலே வைத்து, சாமிக்குத் தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல மெதுவாகத் தட்டி இறக்கினார். ஒரு பக்கம் சாய்ந்தால் எடுத்துவிட்டு இன்னொன்று.

இன்ஜினை மூடியதும், வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, சின்ன பம்பால் கிராங்க் கேஸுக்குள் காற்று ஏற்றினார். 6 பி.எஸ்.ஐ மட்டுமே, டயருக்கு அடிப்பதில் கால்வாசி. அதிகம் ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு டீ சொன்னார். டீ வந்து, குடித்து முடிக்கும்வரை மீட்டர் முள் அசையவில்லை. குமிழியும் இல்லை.

இந்தச் சோதனையை முதல்முறையே செய்திருந்தால்? கேட்டேன். “நீ ரெண்டு நாள் குடுத்திருந்தா செஞ்சிருப்பேன்” என்றார் அண்ணன்.

இப்போது அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனோடு வண்டி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அன்றைக்குத் தடைப்பட்ட மயிலத்துக்குப் போன வாரம் கிளம்பியபோது, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “ரப்பர் எல்லாம் புதுசுதானே?” என்று கேட்டுவிட்டுத்தான் பின்னால் ஏறினார். வழி நெடுக என் இரண்டு விரல்கள் கிளட்ச் மேலேயே இருந்தன.

சாமி கும்பிட்டு, கூட்டேரிப்பட்டில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன். “வரும்போது அஞ்சு லிட்டர் குக்கருக்கு ஒரு கேஸ்கட் வாங்கிட்டு வந்துடு. ஃப்ரீசர்ல வச்சும் விசில் வரல.”