பிடிச்ச மீனைச் சாப்பிட முடியுமா?

ஹைதராபாத்துக்குப் பொட்டி தட்ட வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமும் இந்த ஊர் ஏரிகளைக் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்டியிருக்கிறேன். போன தீபாவளிக்கு வந்த அம்மா, பேரனுக்கு ஒரு மூங்கில் கழியில் நைலான் நரம்பு கட்டி, முள்ளும் தக்கையும் மாட்டிக் கொடுத்தார். அன்றோடு போச்சு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்.

எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டியதுதான் பாக்கி, ஊத்தா, வலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு ஊரே உள்ளே இறங்கும். எங்கள் ஊர் வழக்கப்படி அன்றைக்குப் பிடித்ததை விற்கக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும், கிடைக்காதவர் வீட்டுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். பிடிப்பது தின்பதற்குத்தான் என்று வளர்ந்தவன் நான்.

அந்த நினைப்பில்தான் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குப் பையனைக் கூட்டிப் போனேன். கோதுமை மாவு உருண்டை போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்ததில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை. பையன் குதித்த குதியில் கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டது. "அப்பத்தாகிட்ட கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லணும்" என்றான்.

பக்கத்தில் தெர்மாகோல் மிதவையைக் கரையேற்றிக்கொண்டிருந்த மீன்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தினகண்டி சார்" என்றார். சாப்பிடாதீங்க.

"நீங்க சாப்பிடுவீங்களா?"

"எங்க வீட்ல இந்தத் தண்ணி மீன் வாங்கவே மாட்டோம்."

"அப்போ பிடிக்கிறதெல்லாம் எங்கே போகுது?"

"மார்க்கெட்டுக்கு" என்றார். குரலில் கூச்சமும் இல்லை, திமிரும் இல்லை. பிறகு ஏரியின் மூலையில் நுரை தள்ளிக்கொண்டிருந்த ஒரு குழாயைக் கைகாட்டி, "அது உங்க அபார்ட்மெண்ட்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். எங்கள் குடியிருப்பில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் மின்கட்டணத்தை மிச்சப்படுத்த ராத்திரியில் அதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வருஷம் முன்னால் சங்கக் கூட்டத்தில் பராமரிப்புச் செலவைக் குறைக்கத் தீர்மானம் போட்டபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். என்னவென்று படித்துப் பார்க்காமல் தூக்கிய கை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஒரே வரிதான் சொன்னார்: "கண்மாயில கால் கழுவினாலே எங்க காலத்துல வையுவாக."

சரி, மீன் பிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் நிறையப் பேர் குழந்தைகளோடு போக ஆசைப்படுகிறீர்கள் என்று தெரியும்.

முதலில், எங்கே கூடாது. ஹுசேன் சாகர் 1560களில் குதுப்ஷாகி காலத்தில் வெட்டிய ஏரி. குகட்பல்லி நாலா வழியாகப் பல வருஷம் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் போய்ச் சேர்ந்த இடம். அங்கே தூண்டில் வேண்டாம். பாக்டீரியாவைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம், மீனின் உடம்பில் சேர்ந்துவிட்ட கன உலோகம் எந்தக் குழம்புக் கொதியிலும் போகாது. போச்சாரம், மஞ்சீரா இரண்டும் வனவிலங்குச் சரணாலயங்கள், மஞ்சீராவில் முதலையும் உண்டு. அந்தப் பக்கம் தூண்டிலோடு போகவே வேண்டாம். 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய உஸ்மான் சாகர் (1920), ஹிமாயத் சாகர் (1927) இரண்டும் குடிநீர் ஏரிகள். அங்கே எந்தக் கரையில் எது அனுமதி என்று விசாரிக்காமல் உட்காராதீர்கள்.

மிச்சமிருப்பது ஊருக்கு வெளியே உள்ள கிராமத்துச் செருவுகள். அவை அனாதை இல்லை. பெரும்பாலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகையில் இருப்பவை. 2016 முதல் மாநில அரசு இலவசமாக மீன்குஞ்சு விடும் திட்டமும் நடந்தது. நாம் கூளம் என்று நினைத்து இழுக்கும் ரோகு இன்னொருவருடைய பயிர். சங்கத்துக்காரரிடம் கேளுங்கள், காசு கேட்டால் கொடுங்கள். நான் கேட்ட இடங்களில் சிரித்துக்கொண்டே சரி என்றவர்கள்தான் அதிகம்.

எப்படி? விடியலும் சாயங்காலமும்தான் நேரம். கட்லா மேல்தண்ணியில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். தக்கையை ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஒரே குளத்தில் வேறு வேறு மீன் கடிக்கும். மாவு உருண்டையோ மண்புழுவோ போதும். விராலுக்குக் கரையோரப் புல், தாமரை இலைப் பக்கம். அது காற்றை மூச்சிழுக்க மேலே வரும்போது சின்னதாக ஒரு சலனம் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் சிவப்பாகக் குஞ்சுகள் கொத்தாக மொய்ப்பதைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். தாயும் தகப்பனும் கீழேயே காவல் இருக்கும். குஞ்சைக் காக்கப் பாய்ந்து எதையும் கடிக்கும் என்பதால் பிடிப்பது சுலபம். அதனாலேயே பிடிக்கக்கூடாது. மொத்தக் குஞ்சும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். இங்கே கொர்ரமீனு என்று கொண்டாடும் விரால்தான் தெலங்கானாவின் மாநில மீன். ஜூன் மாதம் மிருகசிர கார்த்தி அன்றைக்கு ஊரே மீன் வாங்க வரிசையில் நிற்கும், நாம்பள்ளி மைதானத்தில் ஆஸ்துமாவுக்கு உயிருள்ள விரால் குஞ்சை விழுங்குபவர்கள் கூட்டம் ஒரு பக்கம். அந்த மருத்துவத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மீனைக் கொண்டாடும் ஊர் இது என்று சொல்ல வந்தேன்.

தூண்டில் ஒரு பரிசோதனைக் கருவியும்கூட. எத்தனை முறை போட்டாலும் ஜிலேபியும் கெளுத்தியும் மட்டுமே வருகிறதென்றால் ஏரிக்கு உடம்பு சரியில்லை என்று சந்தேகப்படலாம். சாக்கடை சேர்ந்தால் பாசி பெருகும். பகலில் பிராணவாயு தரும் அதே பாசி ராத்திரியில் அதை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்து "எவ்வளவு மீன் பாரு!" என்று பையனிடம் சொன்னவன் நான். அது மூச்சுத் திணறல். காற்றை நேரடியாக மூச்சிழுக்கும் விரால், சில கெளுத்திகள், எதையும் தாங்கும் ஜிலேபி இவைதான் அங்கே பிழைக்கும். கோடை முடிந்து முதல் பெருமழையில் அடிச்சேறு கலங்கினால் ஒரே ராத்திரியில் எல்லாம் மிதந்துவிடும். தொழிற்சாலைக் கழிவு என்றால் மழைகூட வேண்டாம். 2017 அக்டோபரில் பட்டன்செரு பக்கம் கண்டிகூடெம் ஏரியில் டன் கணக்கில் மீன் செத்து மிதந்தது. கழிவுதான் காரணம் என்று மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

இரண்டு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு கட்சி, விலை உயர்ந்த ரீலோடு வந்து, மீனைப் பிடித்துப் போட்டோ எடுத்துத் திரும்ப விட்டுவிட்டு அதைப் பெருந்தன்மை என்பார்கள். குட்டி மீனையும் சினை மீனையும் விடுவது நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். ஆனால் தின்ன முடியாத தண்ணீர் என்பதால் விடுவதில் என்ன தர்மம் இருக்கிறது? அது ஏரி தோற்றதை நாம் ஒப்புக்கொள்வது, அவ்வளவுதான். இன்னொரு கட்சி, ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, நடைபாதை போட்டு, பெஞ்சு போட்டு, யாரும் தண்ணீரைத் தொடாதே என்பார்கள். எங்கள் குடியிருப்பு அந்தக் கட்சி. சாக்கடைக் குழாய்க்கு மட்டும் வேலியில் ஓட்டை உண்டு.

என் கருத்து இதுதான். ஒரு ஏரி நன்றாக இருக்கிறதா என்பதற்கு ஒரே கேள்வி போதும்: அதில் பிடித்த மீனை உன் பிள்ளைக்குக் கொடுப்பாயா? இல்லை என்றால் பூச்செடி வைத்தும், விளக்கு போட்டும் பிரயோஜனமில்லை. அந்த மீனை நாம் தின்னாவிட்டால், விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வேறு யாரோ வாங்கித் தின்னுகிறார்கள். எனக்கே தெரியாது, தங்கமணி போன மாதம் வாங்கிவந்த ரோகு எந்தத் தண்ணீரில் வளர்ந்ததென்று.

அன்றைக்கு அந்த ஜிலேபியைப் பையன் திரும்ப விட்டான். வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசலில் வந்து, "நம்ம குழாயாப்பா அது?" என்றான். அதற்குப் பதில் சொல்வதைவிட அப்ரைசல் மீட்டிங் சுலபம்.

போன மாதச் சங்கக் கூட்டத்தில் சுத்திகரிப்பை இருபத்துநாலு மணி நேரமும் ஓட்ட வேண்டும் என்று எழுந்து பேசினேன். வீட்டுக்கு மாசம் இருநூறு ரூபாய்கூட அதிகம் வராது. தோற்றுவிட்டேன். என்னோடு கை தூக்கியவர்கள் பதினொரு பேர். அடுத்த கூட்டத்துக்குப் பையனையும் அந்தப் பெரியவரையும் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். நீங்களும் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறதென்று நடந்து போய்ப் பாருங்கள். கையில் ஒரு தூண்டில் இருந்தால் பிள்ளைகளும் கூட வருவார்கள்.

டிஸ்கி: வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் மீன் அலுத்துப்போனால் புண்ணியம் என்று ஏரியில் விடாதீர்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் அந்தக் கரடுமுரடு மீன் இப்போது பல ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. வேண்டாதவர் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.