மைதானம் யார் பெயரில் இருக்கிறது?

சங்கத்துக்கென்று சொந்தக் கட்டடம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு, நம்மவர் குடியேறிய ஊர்களிலெல்லாம் என்றேனும் ஒரு நாள் எழும். நியாயமான ஆசைதான். ஆனால் இடம் எங்கே என்ற கேள்வி வந்தவுடன் பலருடைய கண்ணும் ஒரே திசையில் திரும்புகிறது. “பிள்ளைகள் பந்தடிக்கும் மைதானம் சும்மாதானே கிடக்கிறது? ஓரமாக ஐந்து சென்ட் எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்கிறார்கள். இந்த மாதம் அந்தச் “சும்மா” என்ற சொல்லைப் பற்றியே எழுத விரும்புகிறோம்.

தாய்நாட்டில் நம் கிராமங்களில் மந்தை என்றும், பொட்டல் என்றும், களம் என்றும், திடல் என்றும் வழங்கிய இடங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலையில் மாடுகள் வந்து கூடும். அவை மேய்ச்சலுக்குப் போன பின் இடம் ஒழியும். அறுவடைக் காலத்தில் சூடடிப்பு நடக்கும். அந்தி சாய்ந்தால் இளைஞர்கள் சடுகுடு ஆடுவர். திருவிழா வந்தால் அங்கேயே கூத்து. வழக்கு வந்தால் அங்கேயே பஞ்சாயத்து. சென்னையின் மந்தைவெளி என்ற பெயரே இத்தகைய இடத்தின் நினைவாக நிற்கிறது. மாடுகள் போய்விட்டன, பெயர் மட்டும் பஸ்களின் நெற்றியில் ஓடுகிறது.

இந்த இடங்களை ரெவினியூ இலாகா புறம்போக்கு என்று எழுதிவைத்தது. புறம்போக்கு என்றால் நாதியற்ற நிலம் என்று நம்மவர் எண்ணிக்கொண்டது பெரும் பிசகு. மந்தைவெளிப் புறம்போக்கு, களம் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு என்று அதன் உபயோகம் இன்னதென்று குறித்தே பதிவேட்டில் ஏற்றினார்கள். வரி விதிக்கப்படாத நிலம் என்பதுதான் பொருளேயன்றி, எடுத்தவன் கைக்குப் போகும் நிலம் என்பதன்று. ஊரில் ஒரு குழி நிலமும் இல்லாதவனுக்கும் அதில் கால் வைக்கப் பாத்தியதை உண்டு.

கடல் கடந்து போனவர்களுக்கு இந்தப் பாத்தியதை கூட வரவில்லை. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் லயன் வீடுகளும், கோயிலும், தமிழ்ப்பள்ளியும், ஒரு திடலும் சேர்ந்ததே நம்மவரின் ஊர். மாலையில் பந்து உருண்டது அத்திடலில்தான். ஆனால் அந்த நான்கும் கம்பெனியின் நிலத்தில் இருந்தன. பிற்காலத்தில் தோட்டங்கள் கைமாறி வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் ஆனபோது, வீட்டை இழந்த குடும்பங்கள் திடலையும் கூடவே இழந்தன. கோயிலுக்காக மன்றாடியவர்கள் உண்டு, பள்ளிக்காக மன்றாடியவர்களும் உண்டு. திடலுக்காக மன்றாடியவர்கள் மிகச் சிலரே.

இனி, மத்திய அந்தமானுக்குக் கிழக்கேயுள்ள லாங் ஐலண்டுக்கு வருவோம். ரங்கத்தை அடுத்த ஏரட்டா துறையிலிருந்து படகேறிப் போகவேண்டிய சிறு தீவு அது. வன இலாகாவின் மரவேலையாலும் பிறகு ஒட்டுப்பலகை ஆலையாலும் எழுந்த ஊர். தேச விடுதலைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கு மத்திய அந்தமானில் குடும்பத்துக்கு 10 ஏக்கர் வீதம் சர்க்கார் நிலம் வழங்கிற்று. 1918 முதல் ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்களும், பின்னர் வந்த நம்மவரில் பெரும்பாலோரும் நிலத்துக்காக அன்றிக் கூலிக்காகவே வந்தார்கள். மரத்தை வெட்டுவதும் உருட்டுவதும் அறுப்பதும் அவர்கள் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு, பட்டா இல்லை. காட்டோரம் குடிசை போட்டவர்களிலும் 1978-க்கு முன் வந்தவர், பின் வந்தவர் என்று சர்க்கார் ஒரு கோடு கிழித்தது. கோட்டுக்கு இப்புறம் அகப்பட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயருடன் காலந்தள்ளுகிறார்கள்.

2002-ஆம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி உச்சநீதிமன்றம் தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான தடை விதித்தது. காட்டுக்கு அது நன்மையே. லாங் ஐலண்டில் ஒட்டுப்பலகை ஆலையும் ஓய்ந்தது. வேலையை நம்பியிருந்த பலர் வேறிடம் சென்றனர். இப்போது ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் ஊர். ஆலை தந்த கூலி போய்விட்டது. நிலமோ முதலிலேயே இல்லை. இத்தகைய ஊரில் ஒரு தொழிலாளியின் மகன் “எங்களுடையது” என்று சொல்லி நிற்கக்கூடிய மண், பந்தடிக்கும் மண் ஒன்றுதான். அதைச் “சும்மா கிடக்கிறது” என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

கணக்குப் பார்ப்பது நம் தொழிலாகையால் சிறிது கணக்கும் பார்ப்போம். சடுகுடு மைதானம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது மூன்று சென்டுக்குச் சற்று அதிகம். கைப்பந்துக்கு 18-க்கு 9. சரியாக நான்கு சென்ட். கால்பந்துக்கு முழு அளவு 105-க்கு 68. அது ஒரு ஏக்கர் 76 சென்ட் ஆகிறது. இங்கிலாந்தில் 1925-ல் விளையாட்டு மைதானங்களைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டு, ஆயிரம் பேருக்கு 6 ஏக்கர் வேண்டுமென்று அளவு வகுத்தது. அந்த அளவுக்கு நாம் பேராசைப்படவில்லை. ஒரு கால்பந்து மைதானம் போதும். அதற்குள்ளேயே மற்றவையும் அடங்கும்.

ஆனால் ஐந்து சென்ட் கட்டடம் ஐந்து சென்டோடு நிற்பதில்லை. கோல் கம்பம் பத்து மீட்டர் உள்ளே நகரும். பந்து சுவரில் மோதும். ஒரு நாள் ஜன்னல் கண்ணாடி உடையும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் “இங்கு விளையாடக் கூடாது” என்று பலகை எழுதத் தீர்மானம் நிறைவேறும். பிறகு சுற்றுச் சுவர், பிறகு கல்யாணத்துக்கு வாடகை. அந்நியர் யாரும் வந்து மைதானத்தைக் கவர்ந்து போவதில்லை. நல்ல காரியங்களே அதைத் தின்கின்றன.

வெறுமையான இடத்துக்கு என்ன மதிப்பு என்பதைத் தீவின் சரித்திரமே காட்டுகிறது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில், வெள்ளைக்கார அதிகாரிகள் விளையாடிய ஜிம்கானா மைதானம் இருந்தது. ஜப்பானியர் பிடியில் தீவுகள் இருந்த காலத்தில், 1943 டிசம்பர் 30-ந் தேதி, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மூவர்ணக் கொடியை ஏற்றியது அங்கேதான். இரண்டு வருஷமும் ஆகவில்லை. 1945 அக்டோபரில் ஜப்பானியப் படைத்தலைவர்கள் சரணடைந்ததும் அதே மைதானத்தில்தான். கொடியேற்றத்துக்கென்றோ சரணாகதிக்கென்றோ அதை எவரும் உண்டாக்கி வைக்கவில்லை. திறந்த இடமாக இருந்தது. ஆகையால் ஊர் கூடும்போது கிடைத்தது.

நம் ரயில்வேத் தொழிலாளருக்கும் இப்படி ஒரு மண் உண்டு. திருச்சியை அடுத்த பொன்மலையில் சங்கத் திடல் என்று ஓர் இடம். தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, 1946 செப்டம்பர் 5-ந் தேதி, மலபார் போலீஸார் அங்கே நுழைந்து சுட்டதில் ஐந்து தொழிலாளர் உயிர் நீத்தனர். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். திடலின் மேல் கட்டடம் நிறைந்து போயிருந்தால், அவர்கள் எங்கே போய்த் தலை குனிவது?

நிற்க. பூகம்ப விஷயமும் ஒன்று உண்டு. 1941 ஜூன் 26-ந் தேதி அந்தமானை உலுக்கிய பூகம்பத்தையும், 2004 டிசம்பர் 26-ந் தேதி நேர்ந்ததையும் தீவுவாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நிலம் ஆடும்போது சுவரும் ஓடும் விழாத இடம் திறந்த வெளி ஒன்றே. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. மைதானம் கரையோரத் தாழ்வில் இருக்குமானால், ஆட்டம் நின்றவுடன் அங்கேயே கூடிப் பேசிக்கொண்டிராமல், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட வேண்டும். கடல் அமைதியாய்த் தோன்றுகிறதே என்று காத்திருக்கலாகாது. கடல் அடங்கி, அதிகாரிகள் திரும்பலாம் என்று அறிவித்த பிறகு, யார் வந்தார் யார் வரவில்லை என்று தலை எண்ணவும், கூடாரம் அடிக்கவும், அரிசி பங்கிடவும் அதே மைதானம் உதவும்.

விளையாட்டில் ஒரு வழக்கம் நமக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். தமிழர் கட்சி, வங்காளி கட்சி, தெலுங்கர் கட்சி, ராஞ்சி கட்சி என்று மொழிவாரியாகப் பிரிந்து ஆடுவது பார்க்க உற்சாகமாயிருக்கும். தோற்ற அன்று கடைத்தெரு வரை சச்சரவு தொடரும். தெருவாரியாகப் பிரித்தால் நான்கு பாஷையும் ஒரே கட்சியில் வந்துவிடும். பெண் குழந்தைகளுக்கும் மாலையில் ஒரு மணி நேரத்தைத் தனியே ஒதுக்கிவைப்பது உசிதம். “அவர்கள் வருவதில்லையே” என்கிறவர்கள், வருவதற்கு எந்த நேரம் இடம் விட்டார்கள் என்பதையும் யோசிக்கட்டும்.

ரயில்வே நிலத்துக்கு வரைபடம் உண்டு. வரைபடத்துக்கு ஏற்ப எல்லைக் கல் உண்டு. கல் இல்லாத இடத்தில் தகராறு முளைக்கும் என்பது எங்கள் இலாகாவில் பழைய பாடம். மைதானத்துக்கும் அவ்விதமே செய்யவேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிலவருவாய் ஒழுங்குமுறைச் சட்டம் 1966-ஆம் வருஷத்தியது. அதன்படி நில விவரங்களை வைத்திருப்பது ரெவினியூ இலாகா. முதலில் ரங்கத் தாசில்தார் கச்சேரியில், மைதானம் எந்த சர்வே எண்ணில், எவ்வளவு விஸ்தீரணத்தில், என்ன உபயோகத்துக்கென்று பதிவாகியிருக்கிறது என்று கேட்டறியுங்கள். சர்க்கார் நிலம் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது; விளையாட்டு மைதானம் என்று எழுதியிருக்க வேண்டும். வன எல்லைக்குள் அகப்பட்டிருந்தால் வன இலாகாவிடமும் கேட்கவேண்டும். கிராம பஞ்சாயத்தில் தீர்மானம் நிறைவேற்றி மனுவுடன் இணைக்கலாம். ஊர்ப் பொது நிலங்களைத் தனியார் கைப்பற்றியிருந்தால் அகற்றி மீட்கத் திட்டம் வகுக்கவேண்டுமென்று, பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைப் பற்றிய வழக்கில், 2011 ஜனவரி 28-ந் தேதி உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. ஜக்பால் சிங் வழக்கு என்று அதற்குப் பெயர். மனுவில் குறிப்பிடத் தக்கது.

சங்கக் கட்டடத்துக்கு வேறு இடம் தேடுவோம். கிடைக்கும் வரை, பள்ளிக்கூடத்தார் இசைந்தால் விடுமுறை நாளில் ஒரு வகுப்பறை போதும். கட்டட நிதியில் சிறு தொகையை எடுத்து மைதானத்தின் நடுவை ஓரங்களைவிடச் சற்று உயர்த்தி, இரு புறமும் வடிகால் வெட்டலாம். வருஷத்தில் மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை மழை பெய்கிற சீமையில், நடுவில் நீர் தேங்கினால் புல் அழுகிவிடும். மனுவில் நம் சங்கத்தார் கையெழுத்து மட்டும் இருந்தால் தமிழர் தமக்காகக் கேட்கிறார்கள் என்று ஒதுக்கிவிடக்கூடும்; அங்கே விளையாடும் பிள்ளைகளின் தகப்பன்மார், தாய்மார் எல்லோரும், எந்த மொழியினராயினும், அவரவர் எழுத்திலேயே கையெழுத்திடட்டும்.